வயலை விற்றுப் பையனை ரேஸில் விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். கார் ரேஸ் என்றால் அவனுக்கு உயிர். கம்ப்யூட்டரோடு ஸ்டியரிங் மாட்டி ராத்திரி பகலாக ஓட்டுகிறான். “எம்மா, 15 முடிஞ்சா போதும், வர்ற சீசன்ல இந்தியன் பார்முலா 4-ல சேரலாம்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனுடைய அப்பாவோ ஆற்றுப்பாசனத்தில் இருக்கிற வயலில் ஒரு பகுதியை விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, வயலை விற்க வேண்டாம். அதற்காக, “இதெல்லாம் நமக்கெதுக்குல” என்று பையன் வாயையும் அடைத்துவிடாதீர்கள்.

வயது விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது சரி. பார்முலா 4-க்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும். பார்முலா கார்களின் வரிசையில் அதுதான் கீழ்ப்படி. கீழ்ப்படி என்றதும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் இடம் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே வருகிற பிள்ளைகளில் பலர் ஏழெட்டு வயதிலேயே கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டியை ஓட்டத் தொடங்கியவர்கள். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் டர்போ கார் அது. அதன் பிரேக்கை வீட்டுக் காரில் தொடுகிற மாதிரி தொட்டால் வேலைக்கு ஆகாது, காலால் உதைத்து மிதிக்கணும். ஒவ்வொரு வளைவிலும் ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையை வெளிப்பக்கம் இழுக்கும், கழுத்துதான் தாங்கியாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுவது வீண் இல்லை, பெரிய ரேஸ்காரர்களும் அப்படிப் பழகுகிறார்கள். ஆனால் கழுத்துக்கும் காலுக்கும் அது பதில் சொல்லாது.

வயலை ஏன் விற்கக் கூடாது என்கிறேன்? ஒரு சீசனோடு இது முடியாது. பார்முலா 1-க்குப் போக சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்கு 40 புள்ளி சேர்க்கணும். ஒரு பார்முலா 4 போட்டித் தொடரில் சாம்பியனே ஆனாலும் கிடைப்பது 12. அப்புறம் வெளிநாட்டில் பார்முலா 3, பார்முலா 2 என்று போக வேண்டும், அங்கே ஒரு வருடச் செலவே கோடிக்கணக்கில். இந்த வருடம் வயல் போனால் அடுத்த வருடம் எதை விற்பீர்கள்? நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி 2005-ல் பார்முலா 1 ஓட்டியவர்தான், நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவருடைய அப்பாவே ராலி ரேஸ் ஓட்டியவர். இந்த விளையாட்டின் வரவுசெலவு தெரிந்த வீடு அது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் கார்ட். மாலில் காசு கட்டிச் சுற்றுகிற வண்டி இல்லை, பயிற்சியாளரோடு ஓட்டும் 125 சிசி போட்டிக் கார்ட். அதில் ஓரிரு வருடம் தாக்குப்பிடித்தால் அடுத்து எல்ஜிபி பார்முலா 4. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று ஏமாந்துவிடாதீர்கள். இது மாருதி என்ஜின் போட்டு நம் நாட்டில் கட்டிய எளிய கார், செலவும் குறைவு.

ஆனால் கார்ட்டுக்குப் பணம் கட்டுமுன்பே, வர்ற சீசனில் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற ரேஸ் டிராக்கில் பார்முலா 4 போட்டியின் ஒரு சுற்று நடக்கும்போது அப்பாவும் மகனும் போய்வரட்டும். நெல்லையில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கோவை. ரேஸை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். டிக்கெட்டில் அனுமதி இருந்தால் கார்கள் நிற்கிற கொட்டகைப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். காரை விட்டு இறங்கிய பையன், வியர்வை சொட்டச் சொட்ட, லேப்டாப் முன்னால் இன்ஜினியரோடு குனிந்து உட்கார்ந்திருப்பான். திரையில் இரண்டு கோடுகள், ஒன்று அவனுடையது, மற்றது அவனைவிட வேகமாக ஓட்டியவனுடையது. எந்த வளைவில் பிரேக்கை முன்னாலேயே மிதித்தான் என்று அலசுவார்கள். உங்கள் மகனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை கூடுகிறதா, சலிப்பு தட்டுகிறதா? எனக்கு அதுதான் முக்கியம்.

உங்கள் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ரேஸில் 13 வயதுப் பிள்ளை ஒன்று உயிரை விட்டது. காரில் தலைக்கு மேல் வளையம், கழுத்தைப் பிடிக்கும் பட்டை, தீப்பிடிக்காத உடை என்று காப்பு அதிகம்தான், ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மகன் ஓட்ட வேண்டுமானால் பெற்றவர் கையெழுத்தும் டாக்டர் சான்றும் வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை போடுங்கள்: 18 முடியும்வரை பாபநாசம் ரோட்டிலோ நான்குவழிச்சாலையிலோ வண்டியைத் தொடக் கூடாது, தொட்டால் டிராக்கும் கிடையாது. சட்டமும் உங்கள் பக்கம்தான். சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம்வரை சிறைகூட உண்டு.

2024-லும் 2025-லும் பார்முலா 4 சீசன் ஆகஸ்டில்தான் தொடங்கியது. அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிற மாதங்கள் அதிலேயே போய்விடும். பத்தாம் வகுப்பு முடியட்டும். கார்மேல் உள்ள பைத்தியம் என்ஜின் பக்கம் திரும்பினாலும் நல்லதுதான். கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு மோதும் பார்முலா பாரத் போட்டி அதே செட்டிப்பாளையத்தில் நடக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். இரண்டு அணிகளிடம் ஒரு சீசனுக்கான செலவை எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். டயர் அதில் அடக்கமா, பயிற்சி நாட்கள் எத்தனை, மோதி காரின் இறக்கை உடைந்தால் யார் பணம் என்று கேட்கட்டும். அந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயல் வருடத்துக்கு என்ன தருகிறது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மகனையும் கூட உட்காரவையுங்கள்.