பயணம் போன ஒரு வருடத்தை ரெஸ்யூமில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 33. ஊர் முத்தியால்பேட்டை. சேதராப்பட்டில் ஒரு தனியார் கம்பெனியில் ஏழு வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்த பணத்தில் 2025 ஜனவரியில் கிளம்பி வியட்நாம், கம்போடியா, இந்தோனேசியா என்று ஒரு வருடம் சுற்றினேன். சைகோனில் என் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த இடத்தையும் பார்த்தேன். இப்போது இன்டர்வியூ போன இடமெல்லாம் அந்த ஒரு வருடத்திலேயே நிற்கிறார்கள். தெரிந்தவர் கம்பெனியில் அந்த வருடத்துக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொல்கிறார். வாங்கலாமா? கைச்செலவுக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

- வாசகி, புதுச்சேரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, சித்தப்பா உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த சர்டிபிகேட் வேண்டவே வேண்டாம். எத்தனை கம்பெனி மாறினாலும் உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான அடையாள எண்ணான யு.ஏ.என். ஒன்றுதான். எங்கே எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள், எந்தெந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆள் எடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு. பி.எஃப். கணக்கில் காலியாகக் கிடக்கும் ஒரு வருடத்துக்கு நீங்கள் சர்டிபிகேட் நீட்டினால் என்ன ஆகும்? கணக்குப் பார்க்க வந்தவரே பொய்க் காகிதம் கொடுத்தார் என்றால், அப்புறம் யார் அவரை நம்பிக் கணக்கை ஒப்படைப்பார்கள்? போதாததற்கு உங்கள் பாஸ்போர்ட்டில் அதே வருடத்து முத்திரைகள் வேறு இருக்கின்றன.

ரெஸ்யூமில் ஒரே வரி போதும்: "2025: சொந்தச் செலவில் தென்கிழக்கு ஆசியப் பயணம்." அதற்கு மேல் பூசி மெழுக வேண்டாம்.

"ஏன் போனீங்க?" என்று கேட்பவருக்கு உள்ளே இருக்கும் பயம், "மறுபடியும் கிளம்பிடுவாங்களோ?" என்பதுதான். அந்தப் பயத்துக்கே பதில் சொல்லுங்கள். "ரொம்ப நாள் ஆசை, போய் வந்துவிட்டேன். இனி சில வருடம் ஒரே இடத்தில் இருந்து வேலை பார்க்க வேண்டும்." உங்கள் மனதில் அப்படி இருந்தால் மட்டும் சொல்லுங்கள். சைகோன் விஷயத்தையும் தயங்காமல் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் அங்கே போன குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. எதற்குப் போனீர்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

எனக்குக் கவலை வேறு விஷயத்தில். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் உங்கள் தொழிலில் பெரிய மாற்றங்கள் வந்துவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. சிலவற்றுக்கு 40 சதவீதம். 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம். காலகாலமாக நாம் எழுதி வந்த 'மதிப்பீட்டு ஆண்டு' போய், 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. இதையெல்லாம் கேட்கும்போது தடுமாறினால்தான் அந்த ஒரு வருடம் உண்மையிலேயே குறையாகத் தெரியும். பழைய ஆபீஸ் தோழிகள் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, டேலி கணக்கு மென்பொருளில் இப்போது பில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஆடிட்டர் ஆபீஸ்களில் கேளுங்கள். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அதுவரை அங்கே வேலை குவிந்து கிடக்கும், தற்காலிகமாகவாவது ஆள் தேவைப்படும். சம்பளம் பழையபடி இருக்காது. ஆனால் புது விதிகள் கையில் பழகிவிடும், சில மாத அனுபவம் என்று உண்மையாகவே எழுதிக்கொள்ளலாம். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆடிட்டர் யாராவது இருந்தால் அறிமுகம் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

சம்பளத்தைக் குறைத்துப் பேசினால், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு தனியாக வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பத்து வருட சர்வீஸ் முடிந்தவர்களுக்குத்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். உங்களுக்கு ஏழு முடிந்துவிட்டது, இன்னும் மூன்றுதான். இப்போது பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஏழும் கணக்கில் வராது. புதுக் கம்பெனியில் சேரும் அன்றே பழைய யு.ஏ.என். எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.