பணிப்பட்டியலைக் கணினி அமைக்கலாம். அதன் அளவீடுகளை யார் நிர்ணயிப்பது?

கேள்வி: ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பணிமூப்பில் நடுவரிசைக்குச் சற்றுக் கீழே இருக்கிறேன். நிர்வாகம் தயாரித்து வெளியிடும் மாதப் பணிப்பட்டியல்களில் ஒன்றை, பணிமூப்பு வரிசைப்படி நாங்களே தேர்ந்தெடுப்பதுதான் இதுவரை இருந்த வழக்கம். இனி ஒவ்வொருவரும் தம் விருப்பங்களைப் பதிவு செய்தால், மென்பொருளே அவரவருக்கான பட்டியலை அமைத்துத் தரும் என்கிறது புதிய ஒப்பந்த வரைவு. ‘மென்பொருளுக்கான அளவீடுகளை நிர்வாகம் அவ்வப்போது நிர்ணயிக்கும்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கூடவே நல்ல ஊதிய உயர்வும் உண்டு. சங்கம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. எல்லோரும் ஒரே நாளில் ‘களைப்பு’ என்று தெரிவித்துப் பணிக்கு வராமல் இருக்கலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அடிக்கடி சேர்ந்து பறக்கும் மூத்த கேப்டன் ஒப்பந்தத்தை ஆதரிப்பதால் எங்களுக்குள் பேச்சே கசந்துவிட்டது. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடுத்து எழுதியிருக்கும் அந்த ஒற்றை வரி வரைவில் அப்படியே இருக்குமானால், ஊதிய உயர்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எதிர்த்து வாக்களியுங்கள் என்பதே என் கருத்து. அந்த வரி திருத்தப்பட்டு, அளவீடுகள் ஒப்பந்தத்துக்குள்ளேயே எண்களாக எழுதப்படுமானால், ஆதரிப்பதைப் பற்றி நீங்கள் தாராளமாக யோசிக்கலாம். விருப்பப் பதிவு முறை தன்னளவில் விமானிகளுக்குப் பகையானதன்று. உலகின் பல பெரிய விமான நிறுவனங்களில் அது நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று கேட்காத விமானிகளும் அங்கே நிறைய இருக்கிறார்கள்.

நிர்வாகம் இந்த முறையை ஏன் இவ்வளவு விரும்புகிறது என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய முறையில் பட்டியல்கள் முன்கூட்டியே, யாருக்கு என்று தெரியாமலே தயாராகின்றன. ஒரு விமானி தேர்ந்தெடுத்த பட்டியலிலுள்ள பயணம் ஒன்று அவருடைய விடுப்போடோ, பயிற்சியோடோ, முந்தைய மாதத்திலிருந்து நீண்டுவரும் பயணத்தோடோ மோதினால், அந்தப் பயணம் அவரிடமிருந்து நீக்கப்படும். பல ஒப்பந்தங்களில் அதற்கான ஊதியம் அவருக்குக் கிடைத்துவிடும். பயணத்தை நடத்துவதற்கு, திடீர்த் தேவைக்கென்று காத்திருப்புப் பணியில் வைக்கப்பட்டுள்ள வேறொருவர் வேண்டும். புதிய முறையில் மென்பொருள் விடுப்பையும் பயிற்சியையும் முதலில் பதித்துவிட்டு, அவற்றைச் சுற்றியே பட்டியலைக் கட்டுகிறது. மோதல்கள் குறைவதால் காத்திருப்பு விமானிகளின் தேவையும் குறைகிறது. சுருங்கச் சொன்னால், அதே எண்ணிக்கையிலான விமானங்களைக் குறைவான விமானிகளைக் கொண்டு இயக்க முடிகிறது. மிச்சமாகும் தொகை உண்மையானது, பெரியது, ஆண்டுதோறும் தொடர்வது. அது எவ்வளவு என்று உங்கள் பேச்சுவார்த்தைக் குழு கணக்கிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல், தரப்படும் ஊதிய உயர்வு போதுமா போதாதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது என்பது. பணிமூப்பு வரிசைப்படிதான் அது ஒவ்வொருவரின் விருப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் விருப்பத்தை நிறைவேற்றுவதற்கு முன்னால், உங்களுக்குக் கீழே மீதமிருப்பவர்களைக் கொண்டு மீதிப் பயணங்கள் அனைத்தையும் நிரப்ப முடியுமா என்று பார்க்கிறது. முடியாது என்று கணித்தால், நீங்கள் ஓய்வு கேட்ட நாளிலேயே உங்களுக்குப் பணி விழும். எல்லோரும் ஓய்வு கேட்கும் விடுமுறை நாட்களில் இது மிகக் கூர்மையாகத் தெரியும். ஒரு மாதத்தில் ஒருவருக்குக் குறைந்தது எத்தனை மணிநேரம், அதிகபட்சம் எத்தனை மணிநேரம், எத்தனை ஓய்வு நாட்கள், காத்திருப்புப் பணிக்கு எத்தனை பேரை ஒதுக்குவது, நிரப்பாமல் விடக்கூடிய பயணங்களின் அளவு என்ன என்ற சில எண்கள்தாம் இந்தக் கணிப்பைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்றைச் சற்றே மாற்றினாலும், உங்கள் நிலையில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் மாதம் மாறிவிடும். மென்பொருளில் எந்தக் குறையும் இருக்காது. ஒப்பந்தத்தின் எந்த வரியும் மீறப்பட்டிருக்காது. ஆகவேதான் அந்த ஒற்றை வரியை இவ்வளவு கவலையோடு பார்க்கிறேன். எண்களை நிர்ணயிக்கும் உரிமையைக் கையளித்துவிட்டால், பணி நேரத்தைப் பற்றிப் பேரம் பேசும் உரிமையையே கையளித்ததாகும்.

சட்டம் நம்மைக் காப்பாற்றாதா என்று நீங்கள் கேட்கலாம். விமானிகளின் களைப்பைப் பற்றிய கேள்விகளை எழுப்பிய, கோல்கன் ஏர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமான விபத்து 2009 பிப்ரவரியில் நேர்ந்தது. அதன் பிறகு அங்கே விமானிகளின் பணி நேர விதிகள் புதிதாக எழுதப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணிநேர ஓய்வு, அதில் 8 மணிநேரம் தடையின்றித் தூங்குவதற்கான வாய்ப்பு, தொடர்ந்த 365 நாட்களில் 1000 பறக்கும் மணிநேரம் என்ற உச்சவரம்பு ஆகியவை அவற்றில் அடங்கும். வேறு நாடுகளிலும் இதையொத்த விதிகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லைகள் மட்டுமே. மனிதர் கையால் பட்டியல் போடும்போது அந்த எல்லையை நெருங்கும் மாதங்கள் குறைவாக அமையலாம். செலவைக் குறைக்கும்படி பணிக்கப்பட்ட மென்பொருளோ எல்லைவரை உள்ள இடம் முழுவதையும் பயன்படுத்தக்கூடிய இடமாகவே கருதும். விதிப்படி முற்றிலும் சரியான ஒரு பட்டியல், அதிகாலைப் பணியையும் நள்ளிரவுப் பணியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒருவரை நான்கே நாட்களில் சோர்ந்துபோக வைக்க முடியும். சட்டத்தின் எல்லைக்கும் உங்கள் அன்றாட வாழ்வுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காப்பது ஒப்பந்தம் ஒன்றுதான்.

மென்பொருள் பிழை செய்யும் என்பதையும் ஒப்பந்தம் எதிர்பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் 2017 இறுதியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பணிப்பட்டியல் கணினியில் ஏற்பட்ட கோளாறால், டிசம்பர் விடுமுறைக் காலப் பயணங்களை விமானிகள் கைவிட வழி திறந்துகொண்டது. ஆயிரக்கணக்கான பயணங்களுக்கு விமானி இல்லாத நிலை உருவானது. அவற்றை ஏற்பவர்களுக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக நிர்வாகம் அறிவித்தபோது, சங்கத்தோடு பேசாமல் அப்படி அறிவிப்பதே ஒப்பந்த மீறல் என்று சங்கம் முறையிட்டது; அதன் பிறகே இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. 2022 டிசம்பரில் சௌத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பனிப்புயலில் சிக்கியபோது, எந்த விமானி எங்கே இருக்கிறார் என்பதையே அதன் பணி ஒதுக்கீட்டு அமைப்பால் சரியாகத் தொடர முடியவில்லை. சுமார் 16,900 விமானங்கள் ரத்தாயின. மறு ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த அமைப்பின் பலவீனத்தைப் பற்றி அங்குள்ள விமானிகள் சங்கம் அதற்கு முன்பே பலமுறை எச்சரித்திருந்தது. பட்டியலோடு அன்றாடம் வாழ்பவர்களின் எச்சரிக்கையை நிர்வாகம் கேட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை ஒப்பந்தத்தின் மூலம்தான் உருவாக்க முடியும்.

ஆகவே உங்கள் குழுவிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. மேலே சொன்ன எண்கள் அனைத்தும் ஒப்பந்தத்தின் மூலப் பகுதியிலேயே இடம்பெற வேண்டும்; நிர்வாகம் தனித்து மாற்றக்கூடிய பின்னிணைப்பில் வைக்கப்பட்டால் பயனில்லை. ஒவ்வொரு மாதமும் மென்பொருள் இயங்கும்போது சங்கத்தின் பயிற்சி பெற்ற பிரதிநிதி உடனிருந்து, உள்ளிட்ட அளவீடுகளையும் வெளிவந்த முடிவுகளையும் பார்க்கும் உரிமை வேண்டும். ஒருவருடைய விருப்பம் ஏன் மறுக்கப்பட்டது என்ற காரணம் அவருக்குத் தெரிய வேண்டும். பிழை நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஈடு என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது சோதனை ஓட்டம். பழைய முறைப்படி பணி நடந்துகொண்டிருக்கும்போதே, சில மாதங்களுக்குப் புதிய முறையையும் நிழலாக இயக்கி, இரண்டின் முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பணிமூப்பின் மேல், நடு, கீழ் வரிசைகளில் இருப்பவர்களுக்கு வார இறுதி ஓய்வுகளும் இரவுப் பணிகளும் காத்திருப்பு நாட்களும் எப்படி மாறுகின்றன என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும். சங்கத்தைப் பிளந்திருக்கும் விவாதத்தில் பெரும்பகுதி, முடிவுகள் கண்ணெதிரே இல்லாததால் எழுகிற அச்சமும் நம்பிக்கையும்தான். சோதனையில் ஒப்புக்கொண்ட அளவுகள் எட்டப்படவில்லை என்றால் பழைய முறையே தொடரும் என்ற விதியையும் சேர்த்துக் கேளுங்கள். ஊதியத்தை அடுத்த ஒப்பந்தத்திலும் பேசலாம். ஆனால் ஒருமுறை நடைமுறைக்கு வந்து, அதற்கேற்ப விமானிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்ட பிறகு, பணிப்பட்டியல் முறையைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

கூட்டாகக் களைப்பைக் காரணம் காட்டும் யோசனையில் நீங்கள் சேர வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் நாட்டு நிலையைச் சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் பெருமளவில் உடல்நலமில்லை என்று தெரிவித்துப் பணிக்கு வராமல் இருந்தபோது, பணிக்குத் திரும்புமாறு நீதிமன்றம் இட்ட ஆணையைப் பின்பற்றவில்லை என்று அவர்களின் சங்கத்தின் மீது 4.5 கோடி டாலர் அளவுக்கு அபராதம் விழுந்தது. அபராதத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. களைத்த விமானி ‘என்னால் பறக்க முடியாது’ என்று சொல்லும்போது அதை யாரும் சந்தேகிக்காமல் ஏற்க வேண்டும் என்பது இந்தத் தொழில் மிகுந்த விலை கொடுத்துப் பெற்ற பாதுகாப்பு. அதைப் போராட்டக் கருவியாக்கினால், பிறகு உண்மையாகவே களைத்துப் போகிற ஒவ்வொருவரும் விசாரணைக்கு ஆளாவார்கள். அதே சமயம், நீங்கள் உண்மையிலேயே களைத்திருக்கும் நாளில் தயங்காமல் பறக்க மறுத்து, எந்தப் பணி வரிசை உங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று விரிவாக அறிக்கை எழுதுங்கள். அத்தகைய நேர்மையான அறிக்கைகள் சேரச் சேர, பேச்சுவார்த்தையில் உங்கள் தரப்புக்கு அவற்றைவிட வலுவான சான்று கிடைக்காது.

கேப்டனைப் பற்றி. பணிமூப்பில் மேலே இருப்பவருக்குப் புதிய முறை பெரும்பாலும் நன்மையே செய்யும். தாம் விரும்பும் நாட்களையும் பயணங்களையும் அவர் நுணுக்கமாகக் கேட்டுப் பெறலாம். அவர் தம் அனுபவத்திலிருந்தும் நீங்கள் உங்கள் நிலையிலிருந்தும் பேசுகிறீர்கள். இதில் துரோகம் எதுவும் இல்லை. சோதனை ஓட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை அவரிடமே எடுத்துச் செல்லுங்கள். முறை நல்லது என்று நம்புகிறவருக்கு அதைச் சோதித்துப் பார்ப்பதில் மறுப்பு இருக்க முடியாது; அவரைப் போன்றவர்கள் கையொப்பமிட்டால் அந்தக் கோரிக்கையின் எடையே வேறாகும். ஆனால் இந்தப் பேச்சு விமானி அறைக்குள் வரவே கூடாது. 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தேவையற்ற பேச்சைத் தடுக்கும் விதி அமெரிக்காவில் 1981 முதல் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் இடையில் இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தடை எந்த உயரத்திலும் பொருந்தட்டும். தரையிறங்கிப் பணி முடிந்த பிறகு, ஓய்வாக ஓரிடத்தில் உட்கார்ந்து, வரைவை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வாக்கெடுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் கேள்விகளை இந்த வாரமே குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். உங்களோடு உடன்படுகிற சிலரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வாக்கு நாள்வரை அவற்றுக்கு எழுத்தில் பதில் வரவில்லை என்றால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வாக்களியுங்கள்.