அந்த உறையின் மேல் என்ன எழுதுவது?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பொங்கல் விடுமுறையில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செல்போனில் எடுத்து வந்த 212 படங்களில் 60 படங்களை மட்டுமே பள்ளிக் கண்காட்சியில் மாட்ட முடிந்தது. மற்றவற்றை ஓர் உறையில் போட்டு, ‘நிராகரிக்கப்பட்டவை’ என்று எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். தன் பாட்டி பூத் தொடுக்கும் கைகளைப் படமெடுத்திருந்த மாணவி அதைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். வேறு என்ன சொல்லால் இவற்றைக் குறிப்பிடலாம்?
– ஓர் ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

‘நிராகரிப்பு’ வேட்புமனுவுக்கு ஆன சொல். வாழைநாரில் மல்லிகையைக் கட்டும் கைகளுக்கு ஆகாது. ஆனால் அதற்குப் பதிலாகச் சட்டென்று வாயில் வரும் சொற்களும் தேறவில்லை. ‘கழித்தவை’ என்றால் சொத்தை வெண்டைக்காய்தான் நினைவுக்கு வரும். ‘மீந்தவை’ சோற்றுப் பானைக்கு உரியது. ‘ஒதுக்கப்பட்டவை’ வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் நம் ஊரில் மனிதர்கள் மேல் எப்படி விழுந்திருக்கிறது என்பதை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வீட்டிலேயே அறிந்திருப்பார்கள். ‘தேர்வாகாதவை’ பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தேர்வு என்றாலே மதிப்பெண்தான்.

‘இடம்பெறாதவை’ என்று எழுதுங்கள். சுவர் சிறியது, படங்கள் அதிகம் என்ற உண்மை அதில் இருக்கிறது. முன்பெல்லாம் பத்திரிகைக்கு அனுப்பிய கதை, நாமே தபால்தலை ஒட்டி வைத்த சுயவிலாச உறையில் திரும்பி வரும். உள்ளே ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சிட்ட சீட்டு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதிருக்கிறேன். அந்த ‘இயலாமை’ பத்திரிகையினுடையது, என் கதையினுடையது அன்று என்பது சில நாள் கழித்துத்தான் உறைத்தது. மறுபடி எழுத உட்கார எனக்கு அது போதுமாக இருந்தது.

‘காத்திருப்பவை’ என்ற சொல்லும் அழகானதுதான். அடுத்த மாதம் அவற்றை மாட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் உண்மையாகவே காத்திருப்பார்கள்.

1930களில், பொருளாதார மந்தத்தில் நொடிந்துபோன விவசாயக் குடும்பங்களைப் படமெடுக்க அமெரிக்க அரசு புகைப்படக்காரர்களை அனுப்பியது. வந்த படங்களைத் தேர்ந்தெடுத்தவர் ராய் ஸ்ட்ரைக்கர். வேண்டாம் என்று முடிவான நெகட்டிவ் பலவற்றில் ஓட்டை போட்டுவிட்டார்கள். அதற்குப் பெயரே ‘கொல்வது’. அச்சிட்டால் ஒரு முகத்தின் மேலோ வயலின் மேலோ கறுப்பு வட்டமாக விழும். அந்த நெகட்டிவ்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. வட்டத்தைச் சுற்றி மிச்சமிருக்கும் உழவரையும் நிலத்தையும் இன்று தேடிப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது. நீங்கள் எழுதியது பேனா எழுத்துதானே, அடித்துவிட்டு மாற்றி எழுதிவிடலாம்.

மாற்றி எழுதுவதை அந்த மாணவியின் கண்முன்னே செய்யுங்கள். பிறகு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் படம் ஏன் சுவருக்கு வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லுங்கள். கை ஆடிப் படம் கலங்கியிருந்தால் அதையே சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். பூக்கட்டும் படங்கள் ஏற்கெனவே நான்கு இருந்தன என்றால் அதைச் சொல்லுங்கள். காரணமே இல்லாமல், அவசரத்தில் கை தாண்டிப் போயிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். ஆசிரியர் கேட்கும் மன்னிப்பைப் பிள்ளைகள் வெகுகாலம் மறப்பதில்லை.

உறையை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். படங்களை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். எடுத்த நாளையும் பாட்டியின் பெயரையும் படத்தின் பின்பக்கம் அவள் கையாலேயே எழுதச் சொல்லி, வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பாட்டி இன்னும் அதைப் பார்த்திருக்க மாட்டார்.