குழாய் நீரிலுள்ள ஃபுளோரைடு தைராய்டுத் திசுவைக் கெடுக்குமா?

தைராய்டுச் சுரப்புக் குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டுவரும் நீங்கள், சிங்கப்பூர்க் குழாய் நீரில் கலக்கப்படும் ஃபுளோரைடு சுரப்பியில் அயோடினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமா, வடிகட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தவறான விளக்கம். இரத்தத்திலிருந்து அயோடைடை (அயோடினின் அயனி வடிவத்தை) உள்ளிழுக்கும் தைராய்டுப் புரதத்தைப் பெர்குளோரேட், தயோசயனேட் என்ற அயனிகள் அடைத்துக்கொள்ளும். மிகச் சிறிய ஃபுளோரைடு அயனியோ அவ்வாறு போட்டியிடுவதில்லை.

ஆனால் வேறு வழியில் அது தலையிடக்கூடியதுதான். ஆய்வகத்தில் தைராய்டுத் திசுவில் சோடியம் ஃபுளோரைடைச் சேர்த்தால், அது அலுமினியத்துடன் இணைந்து செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதத்தைத் தூண்டி, தைராய்டை வழக்கமாகத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் வராமலேயே, செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறின் அளவை உயர்த்துகிறது. குளுக்கோஸ் சிதைவுக்கு வேண்டிய எனோலேஸ் நொதியையும் முடக்குகிறது. சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் பிடிக்கும் சாம்பல் நிற மூடிக் குழாயில், செல்கள் குளுக்கோஸைத் தின்று தீர்க்காமலிருக்க நாங்கள் நம்பியிருப்பது இதே சோடியம் ஃபுளோரைடைத்தான். இவையெல்லாம் மில்லிமோலார் செறிவில் நடப்பவை. நம் இரத்தத்தில் இருப்பதோ ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலார், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

மனிதர்களிடம் கிடைத்த சான்றையும் மறைக்கக் கூடாது. கல்லெட்டி, ஜோயெட் என்ற ஆய்வாளர்கள் 1958இல் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு மிகைச் சுரப்பு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 10 மில்லிகிராம் ஃபுளோரைடு கொடுத்தபோது சிலருக்குச் சுரப்பு தணிந்தது. 2008 முதல் சிங்கப்பூர்க் குழாய் நீரிலுள்ள அளவு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்பதால், இரண்டு லிட்டர் குடித்தால் ஒரு மில்லிகிராம் சேரும். இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவை ஏற்கெனவே அடங்காமல் ஓடிய சுரப்பிகள், அவற்றிலும் எல்லாம் தணியவில்லை. எனக்குக் கவலை தருவது, தமிழ்நாட்டின் தருமபுரியைப் போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில், உணவில் அயோடினும் குறைந்திருப்பவர்களின் நிலைதான்.

கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. சாதாரணக் கரி வடிகட்டியும் அதைப் பெரிதாகக் குறைக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) கருவி நீக்கும். அதை வாங்கிவிட்டு நாள் முழுக்கத் தே தாரிக் குடிப்பதில் பொருளில்லை, ஏனெனில் தேயிலையிலிருந்து இறங்கும் ஃபுளோரைடு பெரும்பாலும் குழாய் நீரிலிருப்பதைவிட அதிகம். உங்கள் டிஎஸ்எச் ஏறி இறங்கினால், மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, காலைக் கோப்பிக்கு அரை மணி நேரமாவது காத்திருக்கிறீர்களா என்றும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுக்கிறீர்களா என்றும் முதலில் பாருங்கள்; பிறகு பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.