ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு பக்கம் மேகில்ல குடியேறப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

பதினோரு வருஷமா இங்க தான் இருக்கேன். வீடு தேடறவங்க தனித்தனியா கேக்கறதால மொத்தமா பதில் போட்டுடறேன்.

கேள்வி: அக்கா, கார் இல்லாம சமாளிக்கலாமா?
பதில்: சிட்டி எட்டு கிலோமீட்டர் தான், மேகில் ரோட்ல பஸ் ஓடுது. ஆனா ஓக்லண்ட்ஸ் பார்க் பிள்ளையார் கோவிலுக்குப் போகணும்னா ஊரோட அந்தக் கோடி, கார் இருந்தா நிம்மதி.

கேள்வி: ஜன்னலைத் தொறந்தா திராட்சைத் தோட்டமாமே?
பதில்: நானும் அப்படி நெனச்சு தான் வந்தேன், தொறந்தா எதுத்த வீட்டு கராஜ் கதவு. 1844ல இங்கிலாந்துல இருந்து வந்த டாக்டர் பென்ஃபோல்டும் அவர் சம்சாரம் மேரியும் இங்க கொடி நட்டாங்க, அவர் நோயாளிங்களைப் பாக்கப் போயிடுவார், ஒயின் வேலை முக்காவாசி அந்தம்மா தலையில தான். அந்தத் தோட்டத்துல பெரும்பகுதியை 1980கள்ல வித்து வீடு கட்டிட்டாங்க, மிச்சம் அஞ்சு ஹெக்டேர் சொச்சம் தான், அதைச் சுத்தி நாங்க.

கேள்வி: கிரேஞ்ச் ஒயின் அந்த ஊர் தானா?
பதில்: ஆமா, பென்ஃபோல்டு தம்பதி இருந்த குட்டிக் கல் வீட்டோட பேரு தான் அது. அவங்க ஆரம்பிச்ச பென்ஃபோல்ட்ஸ் கம்பெனில ஒயின் போடற மேக்ஸ் ஷூபர்ட்னு ஒருத்தர் 1951ல சோதனையா போட்டார், குடிச்சுப் பாத்தவங்க காறித் துப்பாத குறை, 1957ல கம்பெனி மேலிடம் நிறுத்துன்னுடுச்சு. மனுஷன் கேக்கலையே, நிலவறையில ஒளிச்சு வச்சு போட்டுக்கிட்டே இருந்தார், 1960ல மேலிடமே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிடுச்சு. ஒயின் தொடாத எனக்கே இந்தக் கதைன்னா உயிர்.

கேள்வி: மெல்போர்ன்ல இருந்து வர்றோம், வீட்டுத் திராட்சைக் கொடில ஒரு குச்சி எடுத்துட்டு வரட்டுமா?
பதில்: ஐயையோ வேணாம்! ஃபிலாக்ஸெரான்னு வேரை உறிஞ்சற பூச்சி, விக்டோரியாவுல சில இடத்துல இருக்கு, இங்க இன்னும் நுழையல. இந்த ஸ்டேட்ல (சவுத் ஆஸ்திரேலியா) நூறு வருஷக் கொடிங்க வேற வேர்ல ஒட்டுக் கட்டாம சொந்த வேர்ல நிக்கறதே அதனால தான். பழக்கூடையையும் வழியிலயே காலி பண்ணிடுங்க, பழ ஈக்குப் பயந்து பார்டர்ல செக் பண்ணுவாங்க.

கேள்வி: தெரு பூரா மரம், ஆசையா இருக்கு. வீடு வாங்கலாமா?
பதில்: கூட்டப்போறது யாரு, அதை முதல்ல முடிவு பண்ணுங்க. கம் மரம், அதாவது யூகலிப்டஸ், சீசன்னு இல்லாம வருஷம் பூரா இலை கொட்டும், மலை ஒட்டின ஊர், கோடையில கூரைத் தகரக் காவாய்ல காஞ்ச சருகு கெடந்தா காட்டுத்தீப் பொறி பட்டாப் போச்சு. சரி வெட்டிடலாம்னா, தரையில இருந்து ஒரு மீட்டர் உசரத்துல அடிமரம் சுத்தளவு ஒரு மீட்டர் இருந்தாலே பெரும்பாலும் அனுமதி கேக்கணும். அப்புறம் வீட்டுக்கு அடியில களிமண்ணு, காஞ்சா சுருங்கும், நனைஞ்சா உப்பும். எங்க ஹால் சுவத்துல பிப்ரவரி கோடையில காசு நுழையற விரிசல், ஆகஸ்ட் குளிர்ல தானா மூடிக்கும், அதனால கோடைக் கடைசில போய்ப் பாருங்க, கதவெல்லாம் ஒழுங்கா சாத்துதான்னு.

கேள்வி: கோலா கரடி வருமா அக்கா? பசங்க கேக்கறாங்க.
பதில்: வரும். முதல் ராத்திரி அது கத்தினப்ப பன்னி உறுமுதுன்னு அவரை எழுப்பி டார்ச்சோட அனுப்பினேன், இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறார்.