ஃபர்னஸா, ஹீட் பம்ப்பா?

கேள்வி: டொரன்டோவில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் பழுதாகிவிட்டது. புதிய ஃபர்னஸ் வாங்குவதா, ஹீட் பம்ப் பொருத்துவதா?

பதில்: ஃபர்னஸ் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது, ஹீட் பம்ப்போ வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தையே வீட்டுக்குள் கொண்டுவருவதால், மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் வெப்பம் தரும். குளிர் மைனஸ் 20 டிகிரியை நெருங்கும்போது அந்த அனுகூலம் சுருங்கிவிடும். எரிவாயு மலிவாகக் கிடைக்கும் ஊரில், ஹீட் பம்ப் பொருத்தினால் வீட்டைச் சூடாக்கும் கட்டணம் பாதியாகும் என்று விற்பனையாளர் சொன்னால், அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் ஏசியும் பழையதென்றால், கோடையில் குளிரூட்டவும் செய்யும் ஹீட் பம்ப்பைப் பொருத்தி, கடுங்குளிர் நாள்களுக்கென ஒரு ஃபர்னஸைத் துணைக்கு வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஹீட் பம்ப் ஓடும்போது தரைத் துவாரங்களில் வரும் காற்று ஃபர்னஸ் காற்றைப்போல் கையைச் சுடாது. அதைப் பழுதென்று எண்ணிவிடாதீர்கள்.