16 வயசு ஸ்ட்ரைக்கர், வெளிநாட்டு கிளப்: ஏஜெண்டுக்குப் பணம் கட்டலாமா?
திருப்பூர்ப் பையனை ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிட ஏஜெண்ட் 4 லட்சம் கேட்கிறார்னு எழுதியிருக்கீங்க. கொடுத்துராதீங்க. 18 வயது முடியாமல் நாடு விட்டு நாடு கிளப் மாற உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாறுதல் விதிகளில் 19-ஆம் விதி விடாது. பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. பையன் ஆடுவதற்காகவே குடிபெயர்ந்தால் செல்லாதுங்க.

18-க்கு அப்புறமும், இங்குள்ள தேசிய கால்பந்துச் சங்கம் ஐடிசி என்ற மாறுதல் சான்றிதழ் தந்தால்தான் அங்கே பதிவு. ஸ்பெயினிலிருந்து வந்து, கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி கிளப்புக்கு 2018-19 ஐ-லீக் போட்டியில் 21 கோல் போட்ட பெட்ரோ மான்சிக்கும் இதே நடைமுறைதான். பழைய கிளப்பில் ஒப்பந்தம் பாக்கியிருந்தால் இந்த இடத்தில்தான் சிக்கும்.

அடுத்தது வேலை அனுமதி. 2009-ல் இந்திய அணியின் ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி லண்டனின் கியூபிஆர் கிளப்போடு ஒப்பந்தமே போட்டார். இந்தியா தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லைன்னு பிரிட்டன் அனுமதி மறுத்துடுச்சு. அவருக்கே அந்தக் கதி!

இப்போதைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கான்னு பாருங்க. 12 வயதிலிருந்து ஆடிய கிளப் விவரங்களை வருஷவாரியா எடுத்து வைங்க. வளர்த்த கிளப்களுக்குப் புது கிளப் தர வேண்டிய பயிற்சி இழப்பீடு அதை வச்சுத்தான் கணக்காகும். வீடியோ அனுப்பினால் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டாமல் முழு ஆட்டமும் அனுப்புங்க. பந்து காலில் இல்லாதபோது எப்படி ஓடுறான்னுதான் முதல்ல பார்ப்பாங்க.